நோயுள்ள வீட்டில் நன்றியும் மகிழ்ச்சியும்



நோய் ஒருவர் உடம்பில் தோன்றுகின்றது. ஆனால் அது அவர் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. தாயோ தந்தையோ படுக்கையில் வீழ்ந்தால் அந்த வீடு முழுவதுமே நோயுற்றது போல் ஆகிவிடுகின்றது. அடுப்பு மூட்டும் நேரம் மாறுகின்றது. சேர்த்து வைத்த பணம் கரைகின்றது. வந்து போகும் உறவினர்கள் தாழ்ந்த குரலில் பேசுகின்றார்கள். சிறு பிள்ளைகள் எதையும் கேட்க அஞ்சி மூலையில் ஒதுங்குகின்றார்கள். மருத்துவரின் ஒரு சொல்லுக்காகப் பெரியவர்கள் நாள் முழுதும் காத்திருக்கின்றார்கள். இத்தகைய நாட்கள் ஏதேனும் ஒரு காலத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் வருகின்றன. ஆயினும் பாடப் புத்தகங்களில் இதற்கென்று ஒரு பாடம் இல்லை. ஆதலின் இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

பல ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் நான். வகுப்பில் கலகலப்பாக இருந்த மாணவன் ஒருவன் திடீரென்று வாய் பேசாதவனாக மாறுவதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். அருகில் அழைத்து மெல்ல விசாரித்தால், வீட்டில் யாருக்கோ உடல்நலம் கெட்டிருக்கும். அத்தகைய பிள்ளைகளின் உள்ளத்தை அச்சம் மட்டும் வாட்டுவதில்லை. ஒரு கேள்வியும் வாட்டுகின்றது. “அப்பா மருத்துவமனையில் கிடக்கும்போது நான் பந்து விளையாடலாமா? நண்பன் சொன்ன வேடிக்கைக்குச் சிரித்துவிட்டேனே, அது தவறல்லவா?” என்பதே அந்தக் கேள்வி. இதைச் சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று தள்ளிவிடலாகாது. முதிர்ந்தவர்களும் இதே கேள்வியால் தம்மைத் தாமே வருத்திக்கொள்வதுண்டு. துன்பம் சூழ்ந்த வீட்டில் மகிழ்ச்சிக்கு இடம் உண்டா? நன்றி பாராட்ட அங்கே என்ன இருக்கின்றது? இவ்விரு வினாக்களையும் சற்று ஆராய்வோம்.

முதலில் நன்றி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இக்காலத்தில் அது பிறருக்குச் சொல்லும் உபசார மொழியாகச் சுருங்கிவிட்டது. பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை என்றே பொருள். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். ‘நன்றி சொல்லுதல்’ என்று பெயரில்லை. ‘அறிதல்’ என்று பெயர். பிறர் செய்த நன்மையை நன்மையென்று கண்டு, அதன் அளவை உணர்ந்து, நெஞ்சில் நிறுத்துவதே அதன் கருத்து. ஆகவே நன்றியுணர்வு வெறும் நல்லொழுக்கம் மட்டும் அன்று. அஃது ஒருவகை அறிவு. உள்ளதை உள்ளவாறு காண்பவன் துன்பத்தையும் காண்பான். அதன் நடுவே நிற்கும் நன்மையையும் காண்பான். துன்பத்தை மட்டும் காண்பவனுடைய பார்வை பாதிப் பார்வை. நன்மையை மட்டும் காண்பவனுடைய பார்வையும் அப்படிப்பட்டதே. இதனை மனத்தில் கொண்டால் இனிச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

நோயாளியின் அருகில் இருந்து பணி செய்பவர்களின் மனநிலையை ஆராய்ந்த அறிஞர்கள் பலர் உளர். அவர்களுள் அமெரிக்க நாட்டின் சான்பிரான்சிஸ்கோ நகரத்தைச் சேர்ந்த சூசன் ஃபோக்மன் என்னும் உளவியல் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். 1990-ஆம் ஆண்டு முதல் அவரும் அவருடைய குழுவினரும் எய்ட்ஸ் நோயால் வருந்தியவர்களுக்கு வீட்டில் பணிவிடை செய்த துணைவர்களைச் சந்தித்து வந்தார்கள். அந்நோயை அடக்கி வைக்கும் கூட்டு மருந்துகள் 1996-ஆம் ஆண்டையொட்டியே பயனுக்கு வந்தன. ஆகவே அந்தத் துணைவர்களில் பெரும்பாலோர் தம் அன்புக்குரியவர் நாளுக்கு நாள் நலிவதைக் கண்ணெதிரே கண்டுகொண்டிருந்தவர்கள்.

ஆராய்ச்சியாளர்கள் தொடக்கத்தில் துன்பங்களைப் பற்றி மட்டுமே வினவினார்கள். சில வாரங்கள் கழிந்தபின், பணிவிடை செய்தவர்களே ஒரு குறையை எடுத்துரைத்தார்கள். “எங்கள் துயரத்தை மட்டும் கேட்கின்றீர்களே, எங்களைத் தாங்கி நிறுத்தும் நல்லவற்றைப் பற்றிக் கேட்க மாட்டீர்களா?” என்பது அவர்கள் கூறியதன் கருத்து. அதன்பின் அந்தக் கேள்வியும் சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய எல்லாருமே ஏதேனும் ஒரு நல்ல நிகழ்ச்சியைச் சொன்னார்கள். அவை பெரிய நிகழ்ச்சிகள் அல்ல. நண்பர் ஒருவரின் அழைப்பு, சுவையாக அமைந்த ஓர் உணவு, மாலை வானத்தின் அழகு போன்ற எளிய நிகழ்ச்சிகளே அவர்களுடைய ஊன்றுகோல்களாக இருந்தன. அவர்களுடைய துயரம் குறைவானதன்று; ஆயினும் துயரத்தின் பக்கத்திலேயே மகிழ்ச்சியும் இருந்தது. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. துயரமும் மகிழ்ச்சியும் தராசின் இரு தட்டுகள் போன்றவை, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே தீரும் என்று நாம் எண்ணுகின்றோம். மனித உள்ளம் அத்தகைய தராசு அன்று என்பதை இந்த ஆராய்ச்சி விளக்கிற்று.

இன்னோர் ஆராய்ச்சியையும் கூறுகின்றேன். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் இரு அறிஞர்கள் 2003-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நரம்பும் தசையும் நலிந்த நோயாளிகள் 65 பேர் அவர்களுடைய ஆய்வுகளுள் ஒன்றில் பங்குகொண்டார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் 21 நாட்கள், நாள்தோறும் தாம் நன்றியோடு நினைக்கும் சிலவற்றை எழுதி வந்தார்கள். அவ்வாறு எழுதியவர்களிடம் மனநிறைவு மிகுந்தது. பிறரோடு தமக்குள்ள உறவை அவர்கள் வலிமையாக உணர்ந்தார்கள். உறக்கமும் சற்று நன்றாக வந்தது. அவர்களுடைய கணவரோ மனைவியோ கூட அந்த மாறுதலைக் கண்டு கூறினார்கள். ஆனால் நோய் நீங்கிவிட்டது என்று அந்த அறிஞர்கள் கூறவில்லை. நாமும் அவ்வாறு கூறலாகாது. நன்றியுணர்வு மருந்துக்கு மாற்றன்று. மருந்தை உண்டு, காத்திருந்து, மறுநாளும் எழுந்து நிற்பதற்கு வேண்டிய வலிமையை அது தருகின்றது. அவ்வளவே அதன் வேலை. அதுவும் சிறிய வேலையன்று.

இதற்கு நம் நாட்டுப் பாதையோரத்திலேயே ஓர் உவமை இருக்கின்றது. பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடப்பவர்கள், பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி வைத்துச் சற்று இளைப்பாறுவார்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை அமைக்கும் வழக்கமும் இருந்தது. ஒரு குடும்பத்தின் துயரம் ஊராருக்கு ஓய்வாக மாறிய விதத்தை எண்ணிப் பாருங்கள்! சுமைதாங்கி சுமையைக் குறைப்பதில்லை; ஊரையும் அருகில் கொண்டுவருவதில்லை. ஆயினும் அது இல்லையேல் பலர் வழியிலேயே விழுந்திருப்பார்கள். நோயுள்ள வீட்டில் தோன்றும் சிறு மகிழ்ச்சிகள் இத்தகைய சுமைதாங்கிகளே. சிறிது நேரம் சுமையை இறக்கி வைத்தவன் கடமையை மறந்தவன் ஆகான். மீண்டும் சுமப்பதற்கே அவன் இளைப்பாறுகின்றான். எனவே, பந்து விளையாடிய மாணவன் குற்றவாளி அல்லன். அரைமணி நேரம் ஓடி விளையாடி வந்தவனே இரவில் தந்தையின் கால்மாட்டில் பொறுமையோடு விழித்திருக்க வல்லவன்.

பிறர் ஆராய்ச்சியை மட்டும் சொல்லி அமைவதைக் காட்டிலும், என் வீட்டில் கண்டதையும் சிறிது சொல்வது பொருத்தமாகும். 2017-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, என் மனைவியின் கையிலிருந்த காபித் தம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. வாயின் ஒரு பக்கம் கோணிற்று, வலக்கையைத் தூக்க இயலவில்லை, பேச்சுக் குழறிற்று. ஓசை கேட்டு ஓடி வந்தவர்களுள் அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவரும் இருந்தார். “ஐயா, இது பக்கவாதம் போலத் தோன்றுகிறது, நேரம் தாழ்த்தக் கூடாது” என்று கூறியவாறே அவர் 108-க்குத் தொலைபேசியில் பேசினார். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றில் கற்ற முதலுதவிப் பாடம் அன்று அவருக்குக் கைகொடுத்தது.

மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பதே பெரும்பாலான பக்கவாதங்களுக்குக் காரணம். உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் அரியது. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய இம்மூன்றையும் மாணவர்களாகிய நீங்கள் மறவாது நினைவில் வையுங்கள். அந்த இளைஞர் கற்ற மூன்று சொற்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கின்றது.

என் மனைவி உயிர் பிழைத்தார். ஆனால் பேச்சுத் திரும்பவில்லை. எதிரில் இருப்பவர் கூறுவது அவருக்கு விளங்கிற்று. மறுமொழி கூற முயன்றால் சொல் எழவில்லை. இந்நிலையைப் பாரிஸ் நகர மருத்துவர் பால் பிரோக்கா 1861-ஆம் ஆண்டில் ஆராய்ந்து, மூளையின் இடப்பாதியில் முன்பகுதி சிதைவதோடு இதற்குத் தொடர்பு உண்டென்று காட்டினார். வீட்டில் நாங்கள் எழுத்துப் பலகையும் படங்களும் வைத்துப் பார்த்தோம். வாழ்நாள் முழுதும் பிள்ளைகளுக்குச் சொல் கற்பித்த எனக்கு, அந்த நாட்களில் சொல் என்பது எத்துணை பெரிய செல்வம் என்று புதிதாக விளங்கிற்று.

ஒரு நாள் மாலை, எங்கள் மகள் தன் கைக்குழந்தையைத் தொட்டிலில் இட்டு, அவள் தாய் முன்பு பாடிவந்த தாலாட்டையே பாடினாள். இரண்டாம் அடியில் இன்னொரு குரலும் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தோம். ‘தண்ணீர்’ என்று சொல்ல இயலாதிருந்தவர், தாலாட்டின் சொற்களைத் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தார்! மகள் பாட்டை நிறுத்தவில்லை, கண்ணீரோடு தொடர்ந்தாள்.

பின்னர் மருத்துவரிடம் கேட்டறிந்தோம். சொல்லும் ஆற்றல் பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாதியில் அமைந்திருக்கின்றது. இசையில் வலப்பாதிக்கும் பெரும் பங்குண்டு. ஆதலால் பேச இயலாத சிலர் பாட வல்லவர்களாய் இருக்கின்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுவீடன் நாட்டில் இத்தகைய ஒருவரைப் பற்றிக் குறித்து வைத்திருக்கின்றார்கள். 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறிஞர்கள் இதனையே அடிப்படையாகக் கொண்டு, சொற்களை இராகத்தோடு இழுத்துச் சொல்லிப் பழக்கும் ஒரு பயிற்சியை வகுத்தார்கள். எங்கள் வீட்டிலும் ‘காபி வேண்டும்’, ‘கதவைத் திற’ என்பவற்றையெல்லாம் பாட்டாகவே பாடத் தொடங்கினோம். அண்டை வீட்டார் எங்களைக் கண்டு நகைத்தார்கள். நாங்களும் சேர்ந்து நகைத்தோம். முதன்முதலில் நோயாளியே நகைத்தார்.

அக்காலத்தில் எங்கள் மகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். மருந்து கொடுத்த நேரமும் இரத்த அழுத்தத்தின் அளவும் அதில் எழுதப்படும். ஒவ்வொரு நாளின் முடிவிலும், அன்று கண்ட நல்லது ஒன்றை ஒரே வரியில் எழுதுவது அவள் வழக்கம். ஒரு பக்கத்தில், “இன்று அம்மா ரசத்தில் உப்பில்லை என்று முகம் சுளித்தாள்” என்று எழுதியிருந்தாள். முகம் சுளித்ததற்கா மகிழ்ச்சி என்று நீங்கள் வியக்கலாம். ஆம், அதற்குத்தான். குறை கூறும் அளவுக்கு ஒருவருக்கு உலகத்தின்மேல் பற்று மீண்டும் வந்துவிட்டதென்றால், அது மகிழத்தக்கதே. நலமாக இருந்த காலத்தில் அந்தச் சுளிப்பை நாங்கள் எவ்வளவு எளிதாகக் கருதியிருந்தோம்! அவருடைய வலக்கை இன்றும் முழு வலிமை பெறவில்லை; நீண்ட வாக்கியங்கள் பேசுவதும் கடினமே. அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும் அந்த நோட்டுப் புத்தகத்தில் ஒரு நாளும் கடைசி வரி வெறுமையாக விடப்பட்டதில்லை.

நோயாளி காணும் காட்சிக்கும் ஆற்றல் உண்டு. ரோஜர் உல்ரிச் என்னும் அறிஞர், பித்தப்பையில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட 46 நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 1984-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் பாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குச் செங்கல் சுவரே தெரிந்தது. மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வலியடக்கும் கடுமையான மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட இயலாது. எனினும் நோயாளியின் கட்டிலைச் சுவர்ப்புறத்திலிருந்து சன்னல் பக்கம் திருப்பிப் போடுவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு துளசிச் செடி, வந்தமரும் காக்கை, முற்றத்தில் விழும் வெயில் ஆகியவை யாவர்க்கும் எட்டும் பொருள்களே.

இனி, நன்றி யாருக்குரியது என்று பார்ப்போம். கண்முன் நிற்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் நன்றி கூறுவது எளிது. இரவில் வார்டைத் துடைப்பவரையும், படுக்கையைத் தள்ளிச் செல்பவரையும் பலர் நினைப்பதில்லை. முகமே தெரியாதவர்களை நினைப்பவர்கள் இன்னும் குறைவு. நம் ஊரில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கின்றேன். இதனைத் தமிழ்நாட்டு மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

காசநோய்க்கு நல்ல மருந்து இல்லாதிருந்த காலத்தில், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனி மருத்துவ இல்லத்தில் மாதக்கணக்கில் வைப்பதே வழக்கம். தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ இல்லம் இத்தகையது. தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு என்பனவே அன்றைய சிகிச்சை. தந்தை அங்கே சென்றால் வீட்டில் வருவாய் நின்றுவிடும்; தாய் சென்றால் பிள்ளைகள் தாயற்றவர் போல் ஆவர். படுக்கைகளோ மிகச் சில; நோயாளிகளோ மிகப் பலர். 1943-ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1952-ஆம் ஆண்டில் ஐசோனியசிட் பயனுக்கு வந்தது. மருந்து வந்த பிறகும் ஓர் ஐயம் நீங்கவில்லை. நெருக்கமான, ஏழ்மையான வீட்டில் இருந்துகொண்டே ஒருவர் குணமடைய முடியுமா? அவரால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தீங்கு நேராதா?

இவ்வையத்தைத் தீர்க்கச் சென்னையில் 1956-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் பங்கு கொண்டன. நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் மருத்துவ இல்லத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றார்கள். மற்றவர்கள் தம் வீட்டிலேயே இருந்து அதே மருந்துகளை உண்டார்கள். வீட்டில் இருந்தவர்களின் உணவு குறைவு, இடமும் குறுகியது, உழைப்போ மிகுதி. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் பெற்ற நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 1959-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. வீட்டில் சிகிச்சை நடந்ததனால் குடும்பத்தினருக்குக் கூடுதலான தீங்கு விளையவில்லை என்பதும் தெரிந்தது. இவ்வாராய்ச்சி, உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் முறைக்கு வழி திறந்தது. அந்த நிலையம் காசநோய்க்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனமாகச் சென்னைச் சேத்துப்பட்டில் இன்றும் பணிபுரிகின்றது.

இக்காலத்தில், மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதங்கள் மருந்து உண்டால் போதும். அரசு அதனை இலவசமாகவே வழங்குகின்றது. இன்று ஏதோ ஒரு தெருவில், காசநோய்க்கு மருந்து உண்ணும் தந்தை ஒருவர் இரவில் தம் வீட்டிலேயே உறங்குகின்றார். அவருடைய மகள் பள்ளிக்குச் செல்கின்றாள். அந்த 193 பேரும் யார் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் தந்தை வீட்டில் இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம். நன்மையை அறிதல் என்பது இத்தனை தொலைவு செல்லும் அறிவு.

நன்றி பிறருக்கு உதவும் செயலாகவும் மாறுதல் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அது 1923-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அந்தத் துயரம் அவர் உள்ளத்தில் விதையாகத் தங்கிற்று. அவர் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அன்று அதில் பன்னிரண்டு படுக்கைகளே இருந்தன. மறு ஆண்டில் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ஆம் ஆண்டில் மறையும் வரை தம் வாழ்வையே அதற்கு அளித்தார். ஒரு குடும்பத்தின் இழப்பு ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு ஆதரவாயிற்று.

குருதிக் கொடையும் இவ்வகையினதே. பணத்துக்குக் குருதி விற்கும் முறையை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 1998 சனவரி முதல் நாளிலிருந்து அம்முறை ஒழிந்தது. இன்று நோயாளியின் உடம்பில் ஏறும் குருதி, யாரோ ஒருவர் விலை பெறாது மனமுவந்து கொடுத்தது. பதினெட்டு வயது நிரம்பிய, நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாத எடையும் உடல்நலமும் உடைய கல்லூரி மாணவர் எவரும் அந்தக் கொடையாளர் வரிசையில் சேரலாம். உங்கள் வீட்டுக்கு முகமறியாத ஒருவர் செய்த நன்மைக்கு, முகமறியாத இன்னொருவருக்கு நீங்கள் செய்யும் உதவியே தக்க மறுமொழி.

இவ்வளவும் கூறிய பின், சில எச்சரிக்கைகளையும் கூறவேண்டும். நல்ல கருத்தும் தவறான இடத்தில் பயன்படுத்தினால் தீங்கு விளைக்கும்.

முதலாவது, நன்றியுணர்வைப் பிறர்மேல் திணிக்கலாகாது. வலியால் துடிப்பவரிடம் “உயிரோடு இருக்கிறீர்களே, அதற்கு நன்றி பாராட்டுங்கள்” என்று கூறுவது கொடுமை. அவர் அழ விரும்பினால் அழட்டும். அருகில் அமர்ந்திருப்பதே நம் கடமை. நன்றி தன் உள்ளத்தில் தானே வளர்க்க வேண்டிய பயிர்; பிறருக்கு இடும் கட்டளை அன்று.

இரண்டாவது, நன்றி உரிமையை விட்டுக்கொடுப்பதன்று. மருத்துவரிடம் ஐயம் கேட்பது அவமரியாதை ஆகாது. என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள் என்று பணிவோடும் தெளிவோடும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குறை கண்டால் எடுத்துரைக்கவும் வேண்டும்.

மூன்றாவது, நோயாளியைக் கடனாளி ஆக்கலாகாது. “உனக்காக எத்தனை செய்கின்றோம்” என்ற சொல் மருந்தைவிடக் கசக்கும். அவரால் இயன்ற சிறு வேலைகளை அவருக்கே விட்டுவைப்பது நல்லது. கீரை ஆய்வதும், பேரனுக்குக் கதை சொல்வதும் அவருக்குத் தாமும் வேண்டியவர் என்ற உணர்வைத் தரும்.

நான்காவது, பணிவிடைச் சுமையெல்லாம் வீட்டில் ஒருவர்மேல் மட்டும் விழலாகாது. பல வீடுகளில் தாய் நோயுற்றால் மகளின் படிப்பு நிற்கின்றது. மகனின் படிப்பு நிற்பதில்லை. ‘பொறுமையுள்ள பெண்’ என்று அவளைப் புகழ்ந்துவிட்டு நாம் அமைவது நன்றி ஆகாது. அண்ணனும் தம்பியும் சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் கற்பதே அவளுக்குச் செய்யும் நன்றி. மேலும், துயரம் நெடுநாள் நீங்காமல் உறக்கமும் உணவும் கெட்டால், அதனையும் ஒரு நோயாகவே கருதி உதவி நாட வேண்டும். 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். ஆசிரியரிடம் வாய்திறந்து கூறுவதும் நன்று. பெரும்பாலான ஆசிரியர்கள் நீங்கள் எண்ணுவதைவிட இரக்கமுடையவர்கள்.

மாணவர்களே! உங்கள் வீட்டில் இத்தகைய காலம் வந்தால் நீங்கள் என்ன செய்யலாம்? உண்மையைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறியாமை அச்சத்தைப் பெருக்கும். வீட்டு வேலையில் ஒன்றை உங்களுடையதாக ஏற்று நாள்தோறும் தவறாமல் செய்யுங்கள். தண்ணீர் பிடித்து வைப்பதாயினும் போதும். நோயாளியிடம் நோயைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். பள்ளியில் நடந்த வேடிக்கையையும் சொல்லுங்கள். படிப்பையும் விளையாட்டையும் அறவே கைவிடாதீர்கள். இரவில் படுக்குமுன், அன்று கண்ட நன்மை ஒன்றை எழுதுங்கள். அஃது எவ்வளவு சிறியதாயினும் உண்மையாக இருக்க வேண்டும். ஒன்றும் தோன்றாத நாளும் வரலாம். அன்று, உங்களுக்காக விழித்திருந்தவர் ஒருவரின் பெயரை மட்டும் எழுதுங்கள்.

எல்லா நோயும் தீர்வதில்லை. நாம் விரும்பியவர்கள் எல்லாரும் எழுந்து நடப்பதில்லை. நன்றியோடு வாழ்ந்த குடும்பங்களிலும் மரணம் வருகின்றது. ஆனால் அவ்வாறு வாழ்ந்த குடும்பத்தில், பின்னாளில் நினைவு கொள்வதற்குத் துயரம் ஒன்றே எஞ்சுவதில்லை. நோயின் நடுவே பகிர்ந்துகொண்ட ஒரு கிண்ணம் கஞ்சியும், சேர்ந்து கேட்ட ஒரு பாட்டும், நள்ளிரவில் பிடித்திருந்த ஒரு கையும் எஞ்சுகின்றன. இவற்றை நலமாக இருக்கும் நாட்களிலேயே கண்டு போற்றப் பழகிக்கொள்ளுங்கள். இன்று மாலை வீடு திரும்பியதும், உங்களுக்காகக் காத்திருப்பவரின் முகத்தை ஒரு கணம் நின்று பாருங்கள். நன்மையை அறியும் பயிற்சிக்கு அதுவே முதற்பாடம்.